ஐரோப்பிய ரயிலில் மனைவியைத் தொலைத்தவர்கள், கணவனைத் தொலைத்தவர்கள் இங்கே வரவும்

உறையூரான் எழுதியது:

சுவிட்சர்லாந்தில் ஒரே நாளில் என் மனைவியை இரண்டு முறை தொலைத்தேன். இரண்டு முறையும் ரயில் நிமிடம் தவறாமல்தான் ஓடியது.

இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து மலைக்குள் போகும் ரயில் பார்வைக்கு ஒரே ரயில்தான். வழியில் ஸ்வைலூட்சினன் என்ற சின்ன நிலையத்தில் அதை இரண்டாகக் கழற்றி, ஒரு பாதியைக் கிரின்டல்வால்டுக்கும் மறு பாதியை லவுட்டர்புருன்னனுக்கும் அனுப்புகிறார்கள். நாங்கள் போகவேண்டியது லவுட்டர்புருன்னன். ஏறியதும் சரியான பெட்டிதான். மனைவி மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்துவிட்டாள். இதைவிட நல்ல ஜன்னல் கிடைக்குமா என்று பார்த்துவர நான் நடைமேடையில் இறங்கி நடந்தேன். கதவு மூடும் ஓசை கேட்டதும் கைக்கு எட்டிய பெட்டியில் ஏறிக்கொண்டேன். ஒரே ரயில்தானே, உள்ளுக்குள்ளேயே நடந்து போய்விடலாம் என்று நினைத்தேன். நடந்தால், கடைசியில் பூட்டிய ஓட்டுநர் அறை. அதன் கண்ணாடிக்கு அப்பால் இன்னொரு ரயிலின் முகம். ஸ்வைலூட்சினனில் ஒரு சின்ன உலுக்கல். அந்த முகம் மெல்லப் பின்வாங்கியது.

இரண்டு பேருடைய பாஸும் என் போனில். இரண்டு பேருடைய சாப்பாடும் அவள் பையில். அவள் போனில் அந்த ஊர் சிம் கிடையாது.

கிரின்டல்வால்டில் இறங்கினேன். ஐகர் மலையை மேகம் மூடியிருந்தது, அதையும் பார்க்கவில்லை. அடுத்த ரயிலில் ஸ்வைலூட்சினன் திரும்பி, லவுட்டர்புருன்னன் ரயிலுக்காக இறங்கி நின்றேன். எனக்குப் பின்னால் ஏதோ இடிபடும் சத்தம். பிரிந்த இரண்டு பாதிகளும் திரும்பி வரும்போது அதே நிலையத்தில் மறுபடி ஒன்றுசேரும் என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். சேர்ந்த ரயில் இன்டர்லாக்கன் பக்கம் நகர்ந்தது. அதன் ஜன்னலில், மடியில் புளியோதரை டப்பாவோடு என் மனைவி கையசைத்துக்கொண்டு போனாள். ரயில் எங்களைச் சேர்த்துவைத்துவிட்டது. நான்தான் இறங்கிவிட்டேன்.

"உலகத்திலேயே உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கும்" என்று வீட்டில் தீர்ப்பாகியிருக்கிறது. மேல்முறையீடு செய்ய ஆதாரங்கள் தேவை. உங்கள் கதைகளை எழுதுங்கள்.

---

பாசல்வாசி எழுதியது:

அண்ணா, கவலை வேண்டாம். அந்தப் புகையிரதத்தில் பிரிந்த தம்பதிகளைக் கூட்டினால் ஒரு சங்கமே அமைக்கலாம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே போனில் கதைத்துக்கொண்டு தவறான பாதியில் ஏறிவிடுவார்கள்.

அடுத்த முறைக்குச் சொல்கிறேன். நடைமேடையை ஏ, பி, சி, டி என்று பகுதி பிரித்துப் பலகை தொங்கவிட்டிருப்பார்கள். எந்தப் பகுதியில் நிற்கும் பெட்டி எந்த ஊருக்கு என்று மேலே உள்ள திரையில் வரும். பெட்டியின் வெளிப்பக்கத்திலும் ஊர்ப் பெயர் இருக்கும். ஏறும்போது திரையைப் பார்க்காவிட்டாலும் பெட்டியைப் பாருங்கள். நேரம் சரி, நடைமேடை சரி என்பது மட்டும் இங்கே போதாது.

அண்ணியிடம் பயணச்சீட்டு இல்லையே, பரிசோதகர் வரவில்லையா?

---

புளியோதரை எழுதியது:

வந்தார். நான்தான் அந்த அண்ணி. இந்த இழைக்காகவே இப்போது கணக்குத் தொடங்கியிருக்கிறேன்.

பரிசோதகரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். பாஸ் கணவரிடம் இருக்கிறது என்றேன். கணவர் எங்கே என்றார். ஜன்னல் வழியாக எதிர்ப்பக்க மலையைக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். முன்பும் பல மனைவிகள் அவருக்கு அந்த மலையைக் காட்டியிருக்க வேண்டும்.

சில திருத்தங்கள். என் கணவர் ஜன்னல் தேடிப் போகவில்லை. நடைமேடையில் ஒருவர் பெரிய கேமரா வைத்திருந்தார், அவரிடம் பேச்சுக் கொடுக்கப் போனார். அடுத்து, தொலைந்தது நான் என்று எழுதியிருக்கிறார். நான் போகவேண்டிய ஊருக்குத்தான் போனேன். ஸ்டவ்பாக் அருவியை நிதானமாகப் பார்த்தேன். 297 மீட்டர் உயரம். தண்ணீர் தரைக்கு வருவதற்குள் பாதி காற்றோடு போய்விடுகிறது. அடியில் நின்றால் முகத்தில் சாரல்தான் விழுகிறது. அருகிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவருடைய பங்கை அவருக்கு வைத்திருந்தேன் என்பதையும் அவர் எழுதவில்லை.

---

பணிஓய்வு_ரயில்வே எழுதியது:

அம்மா சொல்வதுதான் சரி. போகவேண்டிய ஊரில் இருப்பவர் தொலைந்தவர் ஆகமாட்டார்.

ரயிலைப் பிரிப்பது நமக்குப் புதிதில்லை. சென்னையிலிருந்து போன குருவாயூர் எக்ஸ்பிரசில் தூத்துக்குடிப் பெட்டிகளும் சேர்ந்து போய், வாஞ்சி மணியாச்சியில் கழற்றப்பட்ட காலத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். தூத்துக்குடி போகவேண்டியவர் நாகர்கோவில் உறவினரோடு சீட்டாடப் போய் அங்கேயே தூங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் பக்கத்து ஊழியர்களிடம் கேளுங்கள். நமக்கு அந்த வேலைக்கு இன்ஜினும் ஆட்களும் அரை மணி நேரமும் வேண்டும். அங்கே இரண்டு பாதிக்கும் தனித்தனி மோட்டார், தனித்தனி ஓட்டுநர். இணைப்பும் தானியங்கி. பயணி தலை நிமிர்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

---

சுற்றுலாப்பிரியன் எழுதியது:

இதற்குத்தான் பேக்கேஜ் டூர் என்று ஒன்று இருக்கிறது. ஏசி பஸ், தமிழ் தெரிந்த வழிகாட்டி, இரவில் சாம்பார் சாதம். தலையை எண்ணித்தான் பஸ்ஸை எடுப்பார்கள். யாரும் யாரையும் தொலைக்க முடியாது.

---

மாடித்தோட்டம் எழுதியது:

தொலைக்க முடியாது என்பதுதான் பேக்கேஜ் டூரின் குறை என்று என் அக்கா சொல்வாள்.

எங்கள் கதை இத்தாலியில். ரோமிலிருந்து சிசிலிக்கு இரவு ரயில். விடியற்காலையில் விழிப்பு வந்தது, ரயில் நின்றிருந்தது. திரையை விலக்கினால் ஒரு முழ தூரத்தில் வெள்ளைச் சாயம் பூசிய இரும்புச் சுவர், அதில் ஒரு தீயணைப்புக் கருவி. வானமும் இல்லை, தரையும் இல்லை. என் கணவர் எழுந்து பார்த்துவிட்டு, "இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டோம், ரயிலைப் பணிமனைக்குள் கொண்டுவந்து பூட்டிவிட்டார்கள்" என்று அறிவித்தார். பூட்டிய பணிமனை லேசாக ஆடியது. அப்போதும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

பிறகுதான் தெரிந்தது, ரயில் கப்பலுக்குள் இருக்கிறது. இத்தாலியின் கால் நுனியில் வில்லா சான் ஜோவான்னி என்ற ஊர், எதிர்க்கரை மெசினா. நடுவே உள்ள நீரிணை மிகக் குறுகிய இடத்தில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான், ஆனால் பாலம் இல்லை. அதனால் ரயிலையே துண்டு துண்டாகக் கழற்றி, கப்பலின் வயிற்றில் போட்டிருக்கும் தண்டவாளங்களில் பக்கம் பக்கமாகத் தள்ளி, அக்கரை கொண்டுபோய் மறுபடி கோக்கிறார்கள். பயணிகள் விரும்பினால் இறங்கி மேல்தளத்துக்குப் போகலாம்.

போனோம். அதிகாலை வெளிச்சத்தில் இரண்டு கரையும் தெரிகின்றன. கப்பலில் உள்ள கடையில் அரான்சினி என்று ஒரு பண்டம். சோற்றை உருட்டி, உள்ளே இறைச்சிக் கலவை வைத்துப் பொரித்திருப்பார்கள், எங்களுக்கு இறைச்சி இல்லாமல் பாலாடைக்கட்டி வைத்தது கிடைத்தது. சுடச்சுட நன்றாக இருந்தது. என் கணவர் ரயிலில் தூங்கிய லுங்கியோடேயே மேலே வந்துவிட்டார். அந்தத் தளத்தில் அவரோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் எங்கள் கல்யாணத்தில் எடுத்துக்கொண்டவர்களைவிட அதிகம்.

கீழே இறங்கியபோதுதான் சங்கடம். எல்லாப் படிக்கட்டும் ஒன்றுபோல் இருக்கிறது. வரிசை வரிசையாகப் பெட்டிகள், எல்லாம் ஒரே நிறம். பெட்டி எண் எழுதிய சீட்டு உள்ளே இருக்கிறது. கப்பல் கரையை நெருங்குகிறது, ஊழியர்கள் எங்களை ஏறச்சொல்லிக் கையால் விரட்டுகிறார்கள், எதில் ஏறுவது? ஒரு ஜன்னலில் பச்சைக் கரைத் துண்டு தொங்கியது. முந்தின இரவு நான் காயப்போட்டது. ரயில் ஜன்னலில் துணி காயப்போடுவது நாகரிகமா என்று அன்று தூங்கும்வரை எனக்கு வகுப்பு எடுத்தவர், அந்தத் துண்டைப் பார்த்து ஓடிய ஓட்டத்தை நான் எழுதப்போவதில்லை.

---

பணிஓய்வு_ரயில்வே எழுதியது:

அருமை அம்மா. நம் போட் மெயிலை நினைவுபடுத்திவிட்டீர்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி கொழும்புக்கு ரயில். ஆனால் நம் பெட்டிகள் கப்பலில் ஏறியதில்லை, பயணிகள்தான் மூட்டையோடு ஏறி இறங்கினார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு அந்த வழியும் அழிந்தது.

சம்பந்தமில்லாத ஒரு தகவல், சொல்லாவிட்டால் தூக்கம் வராது. ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் தண்டவாள இடைவெளி 1435 மில்லிமீட்டர். ஸ்பெயினின் பழைய பாதைகளில் 1668. நம் அகலப் பாதை 1676. எட்டே மில்லிமீட்டர் வித்தியாசம்!

---

சுற்றுலாப்பிரியன் எழுதியது:

ஐயா, லுங்கிக்கும் தண்டவாளத்துக்கும் என்ன சம்பந்தம்?

---

கணக்குவாத்தியார் எழுதியது:

எங்கள் வழக்கில் பிரதிவாதி ஒரு கடிகாரம்.

சுவிஸ் ரயில் நிலையக் கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை முகம், கறுப்புக் கோடுகள், ரயில் புறப்பட ஊழியர் தூக்கிக் காட்டும் கைப்பிடி வைத்த வட்டத் தகடு மாதிரி சிவப்பு விநாடி முள். 1944இல் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் வடிவமைத்தது, சிவப்பு முள் சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது. அதில் ஒரு விசேஷம். விநாடி முள் 58.5 விநாடியிலேயே ஒரு சுற்றை முடித்துவிட்டு 12இல் போய் நின்றுவிடும். தலைமைக் கடிகாரத்திலிருந்து சைகை வரும்வரை ஒன்றரை விநாடி காத்திருக்கும். சைகை வந்ததும் நிமிட முள் ஒரு குதி குதிக்கும், சிவப்பு முள் மறுபடி ஓடும். எல்லா நிலையங்களிலும் நிமிடம் ஒரே நேரத்தில் மாறுவதற்காக இந்த ஏற்பாடு.

பாடம் நடத்துகிறவன் இதைக் காணொளியாக எடுக்காமல் இருக்க முடியுமா? சூரிக்கில் ரயிலில் பெட்டிகளை வைத்துவிட்டு இறங்கினேன். "முள் நிற்பதைப் பார்" என்று மனைவியையும் இறக்கினேன். முள் நின்றது. எண்ணினோம். குதித்தது. அது குதித்த நிமிடம்தான் ரயில் புறப்படும் நிமிடம் என்பது, கதவு மூடிய பிறகு எங்கள் இருவருக்கும் ஒன்றாக உறைத்தது.

பெட்டிகள் தனியாகக் கூர் நகரத்துக்குப் பயணம் செய்தன. நல்லவேளையாக அந்த ரயிலுக்கு அதுதான் கடைசி நிலையம். நிலையத்தில் சொன்னோம், தகவல் அனுப்பினார்கள், ஒன்றேகால் மணி நேரம் கழித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டிகள் பத்திரமாக இருந்தன. என் மாணவர்களுக்கு அந்தக் காணொளி மிகவும் பிடிக்கும். கடைசியில் என் மனைவியின் குரல் வரும் இடத்தில் மட்டும் ஒலியை நிறுத்திவிடுவேன்.

---

கோவைக்காரி எழுதியது:

குட்டிக் கதைகள், வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

வெனிஸ் என்று நினைத்து மெஸ்த்ரேயில் இறங்கினோம். தண்ணீரும் இல்லை, படகும் இல்லை, ஒரே பஸ். "இதற்கா இத்தனை பாட்டு எழுதினார்கள்?" என்றார் கணவர். தீவில் இருக்கும் நிலையம் சாந்தா லூசியா, இன்னும் பத்து நிமிடம் பாலத்தில் போகவேண்டும்.

இத்தாலிக் கடற்கரையில் உள்ள சிங்க்வே தெர்ரே கிராமங்களில் சில நிலையங்களின் நடைமேடை பாதி சுரங்கத்துக்குள் இருக்கிறது. ரியோமஜோரேயில் எங்கள் பெட்டி இருட்டுக்குள் நின்றது. சிக்னல் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று இருவரும் பேசிக்கொண்டே அடுத்த ஊருக்குப் போய்விட்டோம்.

நிலையச் சுவரில் கால அட்டவணை ஒட்டியிருப்பார்கள். பல நாடுகளில் மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. வெள்ளையைப் பார்த்து நின்றால் ரயில் வரும், உங்களைத் தவிர எல்லோரும் இறங்கிப் போவார்கள், விளக்கை அணைப்பார்கள்.

கழிவறை பற்றி ஒரு வரி. வட்டமான பெரிய மின்கதவு இருக்கும். அதை மூடுவதற்கு ஒரு பொத்தான், பூட்டுவதற்கு வேறொரு பொத்தான். இதற்கு மேல் எழுதினால் என் கணவர் இந்த இழைக்கு வந்துவிடுவார்.

---

மன்னார்குடி_மைனர் எழுதியது:

ஜெர்மனியில் எங்களுக்கு நடந்தது நேர்மாறு. மன்ஹைமில் மியூனிக் ரயிலுக்குச் சரியான நடைமேடையில், சரியான நேரத்தில் நின்றோம். ரயிலும் வந்தது. ஏறிக் காபி வாங்கி, காலை நீட்டிய பிறகுதான் அது தாமதமாக வந்த முந்தைய ரயில், பாசலுக்குப் போகிறது என்று அறிவித்தார்கள். கார்ல்ஸ்ரூவில் இறங்கினோம். 2024இல் அந்த நாட்டு நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு ஓடின, அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை நேரம் என்றே வைத்துக்கொண்டு! அங்கே கடிகாரத்தைப் பார்த்து ரயில் ஏறுகிறவன் ஏமாந்தான்; ரயில் எண்ணைப் பார்க்கவேண்டும்.

பாரிசில் நடந்தது என் வயிற்றால். வடக்கு நிலையத்தில் இறங்கி, அதே நகரில் உள்ள லியோன் நிலையத்துக்கு மாறவேண்டும், ஆர்இஆர் என்ற நகர ரயிலில் இரண்டே நிறுத்தம். நடுவில் நிறைய நேரம் இருந்தது. வடக்கு நிலையத்துக்குப் பின்னால்தான் லா ஷாப்பல், நம் ஈழத்து மக்களின் கடைத்தெரு. ஒரு தோசை என்று போனேன். தோசை, பிறகு இடியாப்பமும் சொதியும், பிறகு நகைக்கடை என்று மனைவி. அதிவேக ரயில் புறப்பட இரண்டு நிமிடம் இருக்கும்போதே கதவை அடைத்துவிடுகிறார்கள். நாங்கள் ஒரு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். அடுத்த ரயிலுக்குக் கொடுத்த காசைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், என் வாழ்நாளில் சாப்பிட்ட மிக விலையுயர்ந்த தோசை அது. குறை சொல்லமாட்டேன், நன்றாக முறுகியிருந்தது.

---

உறையூரான் எழுதியது:

ஆதாரம் குவிகிறது, நன்றி. ஆனால் யாரும் முக்கியமான கேள்விக்கு வரவில்லை. பிரிந்துவிட்டால் யார் நகரவேண்டும், யார் நிற்கவேண்டும்? இருவரும் தேடிக் கிளம்பியதுதானே எங்களுக்கு வினை?

---

பாசல்வாசி எழுதியது:

பின்னால் வருகிறவர் வரட்டும், முன்னால் போனவர் இறங்கி அங்கேயே நிற்கட்டும். எங்கள் வீட்டில் அதுதான் சட்டம்.

---

கணக்குவாத்தியார் எழுதியது:

ரயில் பிளந்து இரண்டு திசையில் போனால் முன்னால் யார், பின்னால் யார்?

---

மாடித்தோட்டம் எழுதியது:

அது சரி. எங்கள் வீட்டு ஏற்பாடு வேறு. அன்றைக்குத் தங்கப்போகும் விடுதியின் முகவரி இருவர் பையிலும் தாளில் எழுதியிருக்கும். பிரிந்தால் யாரும் யாரையும் தேடக்கூடாது, விடுதிக்குப் போய்விடவேண்டும். போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும் தாள் இருக்கும். முக்கியமாக, அவரவர் பாஸ் அவரவர் போனில். ஒருவர் போனிலேயே எல்லாம் இருப்பது வசதிதான், அந்த ஒருவர் கூட இருக்கும்வரை.

---

புளியோதரை எழுதியது:

மாடித்தோட்டம் அக்கா சொல்வதை வழிமொழிகிறேன். சாப்பாட்டுப் பை யாரிடம் இருக்கிறதோ அவர் நிற்கவேண்டும், மற்றவர் தானாக வந்துவிடுவார் என்பது என் கருத்து. அன்றும் அப்படித்தான் நடந்தது. இன்டர்லாக்கனில் நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

---

சுற்றுலாப்பிரியன் எழுதியது:

இவ்வளவு படித்த பிறகு என் மனைவி ரயிலில்தான் போகவேண்டும் என்கிறாள். உங்கள் எல்லோருக்கும் நன்றி. அக்டோபர் கடைசி வாரம், லண்டனில் மகளைப் பார்த்துவிட்டுப் பாரிஸ், பிறகு வியன்னா, அங்கிருந்து சனிக்கிழமை இரவு ரயிலில் ரோம். முன்கூட்டியே ஏதாவது தெரிந்துகொள்ளவேண்டுமா?

---

பணிஓய்வு_ரயில்வே எழுதியது:

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். நீங்கள் சொல்லும் சனிக்கிழமை அதற்கு முந்தின இரவா என்று பாருங்கள். அப்படியானால் நடுராத்திரியில் ரயில் ஏதாவது ஒரு நிலையத்தில் நேரத்துக்காகக் காத்து நிற்கலாம். பழுது என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். கைக்கடிகாரத்தையும் காலையில் திருத்திக்கொள்ளுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு என்றால் இன்னும் மோசம், ஒரு மணி நேரம் காணாமல் போய்விடும். அன்று காலை ரயிலைத் தவறவிட்ட நம்மவர்கள் ஏராளம்.

---

சுற்றுலாப்பிரியன் எழுதியது:

நன்றி ஐயா. மகள் லண்டனிலிருந்து பாரிஸ் ரயிலுக்குத் தயிர்சாதம் கட்டித்தருவதாகச் சொல்கிறாள். கொண்டுபோகலாமா?

---

பாசல்வாசி எழுதியது:

விதிப்படி கூடாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதிலிருந்து, அங்கிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் உள்ளே கொண்டுவரத் தடை. தயிர் பால் பொருள்தான். நெய்யும் அப்படியே. கைக்குழந்தைக்கான பால்மா போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. புளியோதரை என்றால் பிரச்சினை இல்லை.

---

புளியோதரை எழுதியது:

அழைத்தீர்களா?

---

சுற்றுலாப்பிரியன் எழுதியது:

மனைவியிடம் சொல்லிவிட்டேன். தயிர்சாதத்தை லண்டன் நிலையத்திலேயே, சோதனைக்குப் போகும் முன் சாப்பிட்டு முடிப்பது என்று முடிவாகியிருக்கிறது. ஊறுகாய் போகலாம் அல்லவா?